புதிய ஊரும் உயிரின் சார்பும்

பிறந்து வளர்ந்த ஊரை விட்டு வேறோர் ஊரிற் குடிபுகுந்தாரை முதலில் வந்து பற்றுவது ஒரு வெறுமை. வீடு வாய்த்து, அடுப்பு மூட்டி, அண்டை அயலார் பெயரும் அறிந்த பின்னரும் அவ்வெறுமை நீங்குவதில்லை. மாலைப்போதில் எங்குச் செல்வது, எவரோடு அளவளாவுவது, எதனைச் செய்து பொழுதைப் பயன்படுத்துவது என்னும் எண்ணங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் எழும். உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்று, எஞ்சிய நாளைக் காவிரிக் கரையிலே கழிப்போம் என்று திருவரங்கத்திலும் திருவானைக்காவிலும் திரிசிராப்பள்ளியிலும் வந்து குடியேறுவார் இக்காலத்துப் பலர். அன்னோர் திறத்து ஒரு வினா நிகழும். தலத்தில் வசித்தலே அமையுமோ, அன்றி ஆண்டு ஒரு பணியைத் தேடிச் செய்தலும் வேண்டுமோ என்பது அது. சிறு வினாப்போலத் தோன்றினும் இஃது உயிரின் இயல்பையே தொட்டு நிற்பதாகலின், இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அறிவுடையார்க்கு எல்லா ஊரும் ஓரூரே; புதிய இடத்திற் புதிய தொழிலைத் தேடுதல் புதிய வினையைத் தேடுதலாம்; ஆதலாற் சும்மா இருத்தலே சிறந்தது என்பாரும் உளர். அற்றன்று. சும்மா இருத்தலாவது கைகால்களை அசையாது வைத்தலன்று. தற்போதம் அடங்கி நிற்றல். திருவரங்கத்து வீட்டுத் திண்ணையிற் சாய்ந்திருப்பவர் மனம் தாம் விட்டுவந்த தெருவிலே உலாவி, ஆங்குள்ளாரோடு வழக்காடிக்கொண்டிருக்குமாயின் அவரைச் சும்மா இருப்பவர் எனக் கூறுதல் எங்ஙனம்? உடம்பு மாத்திரம் குடிபெயர்ந்தது. உயிர் இன்னும் பழைய வீட்டுக்கே வாடகை செலுத்திக்கொண்டிருக்கின்றது.

அதற்குக் காரணம் யாதெனின் கூறுதும். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்புடையது என்பது நம் சித்தாந்தத்தின் துணிபு. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் கொள்ளுமாறு போல, உயிரும் எதனைச் சார்ந்ததோ அதுவாய் நிற்கும்; ஒன்றனையும் சாராது தனித்து நிற்றல் அதற்கு இயலாது. பெத்தத்தில் மலத்தைச் சார்ந்து நிற்பதும் முத்தியிற் சிவத்தைச் சார்ந்து நிற்பதும் இவ்வியல்பு பற்றியே. இதனை நூலில் ஓதி அறிந்தார் பலர். ஊர் மாறியவரோ இதனை அநுபவத்தில் அறிகின்றார். பழைய ஊரில் 'யான்' என்று அவர் எண்ணியிருந்ததன் பெரும்பகுதி அவர்தம் தெருவும், அலுவலும், தம்மைக் கண்டவுடன் எழுந்து நின்றவர்களுமேயாம். அவை நீங்கியவழி அந்த 'யான்' மெலிந்து தோன்றுகின்றது. இம்மெலிவை ஒரு நோயென்று அஞ்சுவர். எம் கருத்தில் அஃது அரியதொரு சமயம். பழைய சார்பு கழன்று புதிய சார்பு இன்னும் பற்றாத இடைவெளியிலேதான் எதனைச் சார்வது என்று தேர்ந்துகொள்ளுதல் ஒருவாற்றான் நம் கையில் உளது. தேராது விட்டால் பளிங்கு எதிர்ப்பட்டதன் நிறத்தைக் கொண்டுவிடும். ஊர் வம்பும் தாயப்பலகையும் எந்த ஊரிலும் எளிதிற் கிட்டுவன.

இனி இதற்குத் திரிசிராப்பள்ளியைச் சார்ந்ததோர் உண்மை வரலாற்றைக் காண்போம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களுடைய தந்தையார் சிதம்பரம் பிள்ளை மதுரைத் திருக்கோயிலில் மீன் முத்திரை இடும் பணி பூண்டவர். கோயில் அதிகாரிகளோடு உண்டான மனவேறுபாட்டால் அவர் மதுரையை விட்டுத் திரிசிராப்பள்ளிக்கு மேற்கேயுள்ள எண்ணெயூரை அடைந்தார். பரம்பரைப் பணியும் ஊரும் ஒருங்கே போயின. ஆண்டுள்ளார்க்கு முத்திரைப் பணியாளர் ஒருவரால் ஆவது ஒன்றுமில்லை. தம் மக்களுக்கு எழுத்தும் தமிழும் கற்பிப்பார் ஒருவரே வேண்டியிருந்தது. அவர் ஆசிரியராயினார். பின்னர் அதவத்தூரார் வேண்ட அங்குச் சென்றார், 1815 இல் மகாவித்துவானவர்கள் அவ்வூரிலே பிறந்தனர், அதன்பின் சோமரசம்பேட்டை. தாம் வல்லது யாது என்று எண்ணித் தொடங்காது, ஊர் வேண்டுவது யாது என்று கண்டு தொடங்கினமையின் மூன்று ஊர்களிலும் அவர்க்கு இடம் உண்டாயிற்று.

மகனார் வரலாறு இதனினும் சுவையுடையது. இளமையிலே தந்தையாரை இழந்து திரிசிராப்பள்ளி நகரிற் குடிபுகுந்த பிள்ளையவர்கள் அந்நகரிற் செய்தது யாது? யார் யார் என்ன நூல் அறிவார் என்று தேடியதே. உறையூர் முத்துவீர வாத்தியார், மலைக்கோட்டைக் கீழைவீதி மடத்திலிருந்த வேலாயுத முனிவர் முதலிய பலரை அடுத்து ஒவ்வொருவரிடமும் உள்ளதைக் கற்றனர். தெருவிற் பிச்சை ஏற்றுத் திரிந்த பரதேசி ஒருவர் தண்டியலங்காரம் வல்லார் என அறிந்து, அவர் செல்லும் வீதிகளிலெல்லாம் உடன் சென்று பணிவிடை செய்து அந்நூலைப் பாடங் கேட்டனர் என்பது யாவரும் அறிந்த செய்தி. நகரத்திற் பிறந்து வளர்ந்தார் அப்பரதேசிக்கு ஒரு பிடி அரிசி இட்டுக் கதவடைத்தனர். புதிதாய் வந்தவரோ அவர் கையிலிருந்த புதையலைக் கண்டனர். புதியவர்க்குள்ள பேறு இது. 1860 ஆம் ஆண்டளவில் மாயூரத்துக்குக் குடிபெயர்ந்த பின்னும் அவர் வழக்கம் மாறவில்லை. சென்ற ஊரின் தலச்செய்தியைக் கேட்டறிந்து ஆங்குள்ளார் வேண்டப் புராணமும் பிள்ளைத்தமிழும் பாடினார். ஊரை அறிதலே அவர்க்கு ஊரிற் குடியேறுதலாயிற்று.

ஊர் மாறுவாரைப் பற்றிப் பேசுங்கால் நாம் பெரும்பாலும் ஆடவரையே எண்ணுகின்றோம். திருமணத்தால் ஊரையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்து வேற்றூர் புகும் மகளிரே இந்நாட்டிற் குடிபெயர்ந்தாருட் பெரும்பாலார். மலைக்கோட்டைப் பெருமான் திருநாமமே அன்னாள் ஒருத்தி பொருட்டு வந்தது. இரத்தினாவதி என்னும் வணிகப்பெண் கருவுயிர்க்கும் காலத்து, உதவ வந்த தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நிற்க, இறைவன் தாயுருவிற் சென்று உடனிருந்தான் என்பது தலவரலாறு. கதையெனக் கேட்டு மகிழ்வார் இதனுள் அமைந்த கடமையை நோக்குவதில்லை. வேற்றூரிலிருந்து வந்து துணையின்றி நிற்பவள் வீட்டுக் கதவை முதலில் தட்டவேண்டியவர் அவ்வூரார். அவர் தட்டாதவழியே இறைவன் வரவேண்டியதாயிற்று என்று கூறினும் பிழையாகாது.

அற்றேல், புதிய இடத்துப் பணி புதிய பற்றாய் முடியாதோ எனின், பணியின் கண்ணன்று, பணியைச் செய்வார் நோக்கின்கண்ணே பற்று உளது என்க. அப்பர் பெருமான் ஊர்தோறும் சென்றவர். எவ்வூரிலும் அவர்க்கு வேலை இல்லாத நாள் இருந்ததில்லை. கையில் உழவாரம் இருந்தது. திருக்கோயில் முற்றத்திற் புல் இருந்தது. திருப்புகலூரில் உழவாரம் நுழைந்த இடத்துப் பொன்னும் மணியும் தோன்றியபோது பருக்கைக் கல்லோடு ஒப்ப வாரி வாவியில் எறிந்தனர். புல்லைக் களைய வந்தவர்க்குப் பொன்னும் களையத்தக்கதே. பொழுது போக்குதற்கு ஒரு தொழிலைத் தேடுவார் அத்தொழிலால் தமக்கு வரும் பெயரை எதிர்நோக்குவர். அது வராதவழி இவ்வூரார் நன்றியறியாதார் என்பர். இப்பேச்சைத் தீவிலும் கேட்கலாம், மலைக்கோட்டைத் தெருக்களிலும் கேட்கலாம்.

தொழில் வாய்த்தலே குடியேறுதல் ஆகாது என்பதற்குத் தாயுமான அடிகள் சான்று. அவர் தந்தையார் கேடிலியப்ப பிள்ளை திருமறைக்காட்டினின்று நாயக்க மன்னரால் திரிசிராப்பள்ளிக்கு அழைக்கப்பெற்று அரசியல் அலுவல் பார்த்தவர்; அவர்க்குப் பின் அவ்வலுவல் அடிகள்பால் வந்தது. பதவி, செல்வாக்கு, வருவாய் அனைத்தும் அமைந்திருந்தன. ஆயினும் அடிகளை அந்நகரிற் பிணித்தது மௌனகுருவின் திருவடிச் சார்பே. பின்னர் அலுவலைத் துறந்து நகரையும் நீங்கி, இராமநாதபுரத்திற் சமாதியுற்றனர். நகரை நீங்கியும் அச்சார்பை அவர் நீங்கவில்லை.

மடத்தார்க்கு இவ்வினா அத்துணை எழுவதில்லை. தருமை ஆதீனத்துத் தம்பிரான் ஒருவர் திரிசிராப்பள்ளி மௌன மடத்துக்குச் செல்லுமாறு கட்டளை பெற்றால், செய்யவேண்டியதும் அக்கட்டளையோடே வருகின்றது. இல்லறத்தார்க்கு அங்ஙனம் கட்டளையிடுவார் இல்லை; அவர் கேட்டே பெறவேண்டும். சில திங்கள் எதனையும் தொடங்காது கேட்டுக்கொண்டிருத்தல் நன்று. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவின் மேல்பால் அரங்கமும் கீழ்பால் ஆனைக்காவும் உள்ளன. தென்கரையில் உறையூரும் மலைக்கோட்டையும் உள்ளன. இவற்றை நடந்தே அறிதல் வேண்டும். ஆனைக்காவில் உச்சிக்காலத்து அர்ச்சகர் புடவை உடுத்து வழிபடுதலைக் கண்டு, அதன் காரணத்தை அருகில் நிற்கும் முதியவளிடம் வினவினால் அன்றே ஓர் உறவு உண்டாகும். ஞாயிற்றுக்கிழமைகளில் உழவாரப்பணி செய்யும் அடியார் குழாங்களும் உள. அவற்றுட் சேர்வாரிடம் முன்னர் வகித்த பதவி யாது என்று ஒருவரும் கேளார். துடைப்பம் ஒன்றைக் கையிற் கொடுப்பர்.