மாடியிலிருந்து விழும் கனி

போர், அரிசியைப் பறிக்குமுன் அண்டை வீட்டின் மேலுள்ள நம்பிக்கையைப் பறித்துவிடும். அதை மீட்டுத் தருவது பெரும்பாலும் ஊர்த் திருவிழாதான்.

1940 ஜூனில் பாரிஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. பிரெஞ்சுக் கொடி பறந்த நம் காரைக்கால், செப்டம்பரில் மற்ற பிரெஞ்சிந்தியப் பகுதிகளோடு ஜெர்மனியை எதிர்த்து நின்ற பிரெஞ்சுத் தளபதி தெகோல் பக்கம் சேர்ந்தது. அரசுகள் அணி மாறும். ஆனிப் பௌர்ணமி மாறாது. அன்று காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் சிவன் பிச்சாண்டவராக வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாங்கனி இறைப்பார்கள். கீழே கையேந்தி நிற்பவர் எந்தத் தெரு, எந்தக் கட்சி என்று எறிகிற கை பார்ப்பதில்லை. (பிடிக்கத் தெரியாதவர் தலையிலும் விழும், அதுவும் பிரசாதமே.)

வருகிற ஆனியில் ஒரு கூடை கூடுதலாக வாங்குங்கள். பேச்சுவார்த்தை நின்றுபோன எதிர்வீட்டுக்காரர் நிற்கும் பக்கமாகவும் நாலு கனி வீசுங்கள்.