கப்பலின் பலகையும் வண்டியின் ஆணியும்

பழம்பொருள் ஒன்றின் உறுப்புகள் ஒவ்வொன்றாக மாற்றப்படுமாயின், இறுதியில் எஞ்சுவது அதே பொருள்தானா என்னும் வினா மெய்யியலில் மிகப் பழையது. ஏதென்ஸ் நகரத்தார் பேணிவந்த தீசியசின் கப்பலில் உக்கிய பலகைகளை நீக்கிப் புதியனவற்றைப் பொருத்தியபோது, அது அதே கப்பலா, வேறு கப்பலா என்று அறிஞர் வாதிட்டதைப் புளூட்டாக் எழுதிவைத்தார். நீக்கிய பலகைகளைக் கொண்டே இன்னொரு கப்பலைக் கட்டினால் இரண்டில் எது உண்மையான கப்பல் என்று வினவி, பதினேழாம் நூற்றாண்டில் தோமஸ் ஹொப்ஸ் அச்சிக்கலை மேலும் வளர்த்தார். பாளி நூலாகிய மிலிந்த பஞ்ஞவில் நாகசேன தேரரோ, தேர் என்பது உறுப்புகளின் சேர்க்கைக்கு இட்ட பெயரேயன்றி வேறன்று என மிலிந்த மன்னனுக்கு உணர்த்துகிறார். இவ்வாராய்ச்சிகள் யாவும் உறுப்புகளையே எண்ணின. உறுப்புகளைப் பிணைத்து நிற்கும் ஆணிகள் அவ்வளவாக எண்ணப்படவில்லை. அவ்வாணிகளிடமிருந்தே அறவினா தொடங்குகின்றது என்பதை எமதூர் நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு விளக்க முற்படுகிறேன்.

கல்முனையில் என் சாச்சாவிடம் ஒரு மொரிஸ் மைனர் பிக்கப் வண்டி இருந்தது. 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொரிஸ் மைனர் வரிசையில் இச்சுமைவண்டி 1953 முதல் 1971 வரை உற்பத்தி செய்யப்பட்டது. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும், 2020 மார்ச்சில் தொடங்கி 2025இன் தொடக்கத்தில் தளர்த்தப்படும்வரை நீடித்த வாகன இறக்குமதித் தடையும், பழைய வண்டியைக் கைவிடாது திருத்தி ஓட்டும் வழக்கத்தை எம்மவரிடம் வேரூன்றச் செய்தன. மருதமுனைக் கைத்தறித் துணிகளை ஏற்றிப் பல்லாண்டு உழைத்த அவ்வண்டியின் பின்னச்சு பழுதடைந்தது. கழித்துப் போட்ட மைனர் கார் ஒன்றின் பின்னச்சு நல்ல நிலையில் கிடைத்தது. வேலை முடிந்தது என்றே எண்ணினோம். ஆனால் அச்சு கிடைத்த அளவுக்கு அதனைப் பொருத்தும் ஆணிகள் எளிதில் கிடைக்கவில்லை.

வில்தகட்டு அடுக்கோடு அச்சைச் சேர்த்து இறுக்குவன யூ போல்ட்டுகள். சாச்சாவின் வண்டியில் சுமைக்கென மேலதிகத் தகடுகள் சேர்க்கப்பட்டிருந்தமையால், காரின் யூ போல்ட்டுகள் நீளம் போதாதனவாயின. நட்டு பாதியளவே புரியில் ஏறிற்று. கடைகளில் கிடைத்த நீளமானவற்றின் வளைவு எமது அச்சுக்கு ஒவ்வவில்லை. அவற்றின் புரிகளும் மில்லிமீற்றர் அளவின. எம்மிடமிருந்த நட்டுகளோ அங்குல அளவின. எட்டில் மூன்று அங்குலம் என்பது 9.525 மில்லிமீற்றர். பத்து மில்லிமீற்றருக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு அரை மில்லிமீற்றருக்கும் குறைவே. எனினும் ஒன்றன் நட்டு மற்றதில் ஏறாது.

பாதி ஏறிய நட்டின்மேல் ஒட்டு வைத்துக் கறுப்பு மை பூசிவிட்டால் குறை மறைந்துவிடும் என ஒருவர் யோசனை கூறினார். வண்டியை அடுத்த மாதமே விற்பதற்குச் சாச்சா தீர்மானித்திருந்தார். ஆகவே எனக்கும் அது நல்ல வழியாகத் தோன்றிற்று.

“ஆரு சாச்சா கீழ குனிஞ்சு பாக்கப்போறாங்க?” என்றேன்.

“ஒருத்தரும் பாக்க மாட்டாங்கதான் மகன். அப்ப நாமதானே பாக்கணும்” என்றார் அவர்.

இச்சிறு விடையை ஆராய்வோமாயின் அதன் ஆழம் புலப்படும். யூ போல்ட் அச்சை அழுத்திப் பிடிக்கும் பிடியினாலேயே காக்கிறது. அப்பிடி தளருமாயின் தகடுகளின் நடுவேயுள்ள சிறு போல்ட் ஒன்றே முழு விசையையும் தாங்க நேரும். அது அறுந்தால் அச்சு இடம்பெயரும். ஓட்டுநர் ஒரு திசையில் திருப்ப, வண்டி மறுதிசையில் இழுக்கும். வாங்குபவன் வண்டியின் நிறத்தைப் பார்ப்பான், இயந்திரத்தின் ஓசையைக் கேட்பான். காணமுடியாத இடத்தில் அவனுக்குள்ள ஒரே காவல் செய்தவனின் நேர்மையே. எம்மவர் வழக்கில் கூறின் அது அமானிதம். உருண்டோடும் பெருந்தேருக்குச் சிறிய அச்சாணி இன்றியமையாதது என்பதை வள்ளுவர் வினைத்திட்பத்தைக் கூறும் அதிகாரத்தில் அமைத்திருப்பது ஈண்டு சிந்திக்கற்பாலது.

குறையை வெளிப்படையாகக் கூறி விலையைக் குறைத்து விற்றால் போதாதா என ஒருவர் வினவலாம். அது பொய்யினும் மேலானதே, எனினும் போதாது. வாங்குபவன் தன் உயிருக்குத்தான் இசைவு தரமுடியும். அவ்வண்டி செல்லும் வீதியோரத்தில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்காக இசைவு தர அவனுக்கு உரிமையில்லை.

வறியவனுக்கு இத்தகைய அறம் கட்டுப்படியாகுமா என்பது இன்னொரு வினா. இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. வண்டி நின்ற ஒவ்வொரு நாளும் சாச்சாவுக்கு வருமானம் இல்லாத நாளே. ஆனால் அறம் இங்கு அசற் பொருளைக் கேட்கவில்லை. ஈற்றில் அயலூர் லேத் பட்டறை ஒன்றில், தகுந்த உருக்குக் கம்பியை வளைத்துப் புரி வெட்டி, வேண்டிய நீளத்தில் நான்கு யூ போல்ட்டுகள் செய்யப்பட்டன. அவை இங்கிலாந்திலிருந்து வந்தவை அல்ல. பொருத்திய அச்சும் அவ்வண்டியோடு பிறந்ததன்று. மாற்றுவது குற்றமன்று. தாங்காது என அறிந்ததைத் தாங்கும் எனக் காட்டுவதே குற்றம். ஆகவே ‘இது அதே வண்டியா?’ என்னும் வினாவைவிட, ‘இது தாங்குமா? தாங்காவிடின் பொறுப்பாளி யார்?’ என்னும் வினாக்களே முதன்மையானவை எனலாம்.

புதிதாக இறுக்கிய யூ போல்ட்டுகள் ஒரேமுறை இறுக்குவதோடு அமைவதில்லை. சுமையில் தகடுகள் படிந்தபின், சில நூறு கிலோமீற்றர் ஓடியதும், அவற்றை மீண்டும் இறுக்குதல் வேண்டும். வண்டியை விற்ற அன்று சாச்சா, வாங்கியவருக்கு இதனை இருமுறை எடுத்துச் சொன்னார். அவரோ, சொல்வதைக் கேட்டுக்கொண்டே கதவின் புதிய நிறத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்நான்கு ஆணிகளுக்காக ஒரு வாரம் வண்டி நின்றதை அவர் அறியார். அதற்காக நன்றி கூறவும் இல்லை. சாச்சா அதனை எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. மறுவாரம் அவரைத் தேடிச் சென்று, வண்டியின் கீழே படுத்து, நட்டுகளைத் தாமே மீண்டும் இறுக்கிவிட்டு வந்தார்.