யாருடைய அவசரம்?

அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்களை வைத்து ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். அதன் முடிவுகள் 1973-இல் வெளியாயின. மாணவர் ஒவ்வொருவரும் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ச் சிறிய உரை ஒன்றைப் பேசிப் பதிவு செய்ய வேண்டும். சிலருக்குக் கொடுத்த பொருள், அடிபட்டு வழியில் கிடந்தவனைத் தூக்கிக் காப்பாற்றிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒரு வாசலோரம் ஓர் ஆள் தலை கவிழ்ந்து சரிந்து கிடந்தான். மாணவர் நெருங்கியதும் இருமினான், முனகினான். அவன் ஆய்வாளர்கள் அமர்த்திய ஆள் என்பது மாணவர்களுக்குத் தெரியாது.

கிளம்பும்போது சிலரிடம் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது என்று சொல்லப்பட்டது. சிலரிடம், அங்கே எல்லாம் தயார், போகலாம் என்று சொல்லப்பட்டது. மற்றவர்களிடம், ஏற்கெனவே தாமதம், உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று சொல்லப்பட்டது. நேரம் இருந்த 8 பேரில் 5 பேர் உதவினார்கள். நடுத்தர அவசரத்தில் போன 22 பேரில் 10 பேர். விரட்டி அனுப்பப்பட்ட 10 பேரில் ஒரே ஒருவர். எதைப் பற்றிப் பேசப் போகிறார்கள் என்பது பெரிய வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை. நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போனவர்களிலும் சிலர் கீழே கிடந்தவனைத் தாண்டிக்கொண்டு போனார்கள்.

சிறிய சோதனைதான். ஆனாலும் வேலை செய்து பிழைக்கிற எவரும் இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நேர நெருக்கடியை வெல்வது பற்றி நமக்குக் கிடைக்கும் அறிவுரைகள் எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன: சீக்கிரம் எழு, பட்டியல் போடு, கவனத்தைச் சிதறவிடாதே, வழியில் குறுக்கிடுவதை ஒதுக்கு. விரட்டப்பட்டு, நிற்காமல் போன அந்த 9 பேர் செய்ததும் அதுதான். குறுக்கிட்டதை ஒதுக்கினார்கள், மேலும் தாமதிக்காமல் போய்ச் சேர்ந்தார்கள். அந்த அறிவுரைகளின் கணக்கில் அவர்கள் வென்றவர்கள்.

இதைச் சொல்லி அவசரத்தையே பழிப்பதும் நியாயமில்லை. முதியோர் உதவித்தொகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நான்காவது முறையாகப் படியேறும் பாட்டியிடம், நிதானம்தான் அறம் என்று யார் சொல்ல முடியும்? 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அவசரப்படத்தான் வேண்டும். சொன்ன தேதியில் வேலையை முடித்துக் கொடுப்பது இன்னொருவரின் வாழ்நாளுக்குக் கொடுக்கிற மரியாதை. பிரின்ஸ்டன் மாணவர்களும் தங்கள் சொந்த லாபத்துக்காக ஓடவில்லை. யாரோ ஒருவர் தங்களுக்காகக் காத்திருக்கிறார் என்று நம்பி ஓடினார்கள். ஆகவே அவசரம் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பயனில்லை. இந்த அவசரம் யாரிடமிருந்து வருகிறது, தவறினால் யார் தலையில் விழுகிறது என்றுதான் கேட்க வேண்டும்.

ஆடை தைத்து ஏற்றுமதி செய்யும் திருப்பூரில் ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்தைப் பார்த்தவர்களுக்கு அவசரம் எப்படி இறங்கி வருகிறது என்று தெரியும். கடல் கடந்து இருக்கும் வாங்குபவர் தேதி குறிக்கிறார். சாம்பிளுக்கு ஒப்புதல் தர அவர் தாமதித்தாலும் அந்தத் தேதி பெரும்பாலும் அசையாது. கப்பலைத் தவறவிட்டால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும், செலவு ஏற்றுமதியாளர் தலையில். அவர், துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள்காரரை நெருக்குகிறார். பவர் டேபிள்காரர் டெய்லரை நெருக்குகிறார். டெய்லர் பக்கத்தில் நின்று துணி மடித்துத் தரும் கைமடியை நெருக்குகிறார். ஒன்றரை ஷிப்ட் இரண்டு ஷிப்ட் ஆகிறது. இந்த வரிசையில் யாரும் பொய் சொல்வதில்லை. ஒவ்வொருவர் கழுத்திலும் மேலே இருப்பவரின் கை உண்மையாகவே இருக்கிறது. கடைசியில் நிற்கும் பெண்ணுக்கு மட்டும் நெருக்குவதற்குக் கீழே ஆளில்லை. அவள் தன் தூக்கத்திலிருந்தும், பிள்ளைக்குச் சோறு ஊட்டும் நேரத்திலிருந்தும் எடுத்துத்தான் ஈடு கட்ட வேண்டியிருக்கிறது.

இதன் கடைசி எல்லை எது என்பதை வங்கதேசம் பார்த்துவிட்டது. டாக்காவை அடுத்த சாவரில் இருந்த ராணா பிளாசா கட்டடத்தின் சுவர்களில் 2013 ஏப்ரல் 23 அன்று பெரிய விரிசல்கள் தெரிந்தன. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றியது. கடைகளும் மூடப்பட்டன. மேல்தளங்களில் இருந்த ஆடைத் தொழிற்சாலைகள் மறுநாள் காலை தொழிலாளர்களை உள்ளே அழைத்தன. தயங்கியவர்களுக்குச் சம்பளம் கிடைக்காது என்ற மிரட்டலும் இருந்தது. 9 மணி ஆவதற்குள் கட்டடம் இடிந்து விழுந்தது. 1,134 பேர் இறந்தார்கள்.

விரிசல் எல்லாருக்கும் ஒன்றுதான். வங்கிக்கும் அன்றைக்கு முடிக்க வேண்டிய வேலைகள் இருந்திருக்கும். ஆர்டர் கைவிட்டுப் போனால் தொழிலாளர்களுக்கே வேலை இருக்காது என்று தொழிற்சாலைக்காரர் சொல்லக்கூடும். அது பொய்யில்லை. ஆனால் அந்த உண்மை அவருக்கு என்ன உரிமையைத் தருகிறது? தன் நட்டத்தைத் தாங்கிக்கொள்ளும் உரிமையைத் தரும், வாங்குபவரிடம் சண்டை போடும் உரிமையைத் தரும். மறுத்துப் பேச முடியாத ஒருத்தியின் உயிரைப் பணயம் வைக்கும் உரிமையை எந்த நெருக்கடியும் யாருக்கும் தர முடியாது. மலிவான விலையையும் மாறாத தேதியையும் ஒன்றாகக் கேட்டுவிட்டு, சுவர் எப்படி இருக்கிறது என்று கேட்காமலிருந்த தொலைதூர வாங்குபவருக்கும் இந்தக் குற்றத்தில் பங்கு உண்டு. தேதி குறிக்கிற கை, அந்தத் தேதிக்காக என்னவெல்லாம் செய்யப்படும் என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும்.

அப்படியானால் அவசரப்படுத்தப்பட்டவருக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. விரட்டப்பட்ட பத்துப் பேரில் ஒருவர் நின்றாரே, அவரை மறந்துவிட முடியாது. மருந்துச் சீட்டை இன்னொரு முறை பார்க்காத செவிலியர், பாரம் தாங்குமா என்று சோதிக்காமல் கையெழுத்துப் போடும் பொறியாளர், எல்லாரும் நேரமில்லை என்ற ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். பல சமயம் அது உண்மை. சில சமயம், பார்க்க விரும்பாததைப் பார்க்காமலிருக்க அது வசதியான சொல்லும்கூட. எப்போது எது என்று அவரவர் மனசாட்சிக்குத்தான் தெரியும். ஆனால் பத்தில் ஒருவருக்கு மட்டும் கைகூடும் துணிச்சலை நம்பி ஓர் அலுவலகத்தையோ ஆலையையோ நடத்துவது, மற்ற ஒன்பது பேருக்கும் அவர்கள் கையில் சிக்குகிறவர்களுக்கும் செய்யும் அநீதி.

நிற்பதற்கு வழி செய்து வைத்த இடங்களும் உண்டு. ஜப்பானின் சகிச்சி டொயோடா உருவாக்கிய தானியங்கித் தறி, ஓர் இழை அறுந்தால் தானாகவே நின்றுவிடும். அந்த எண்ணம் பிறகு டொயோட்டா கார் ஆலைக்கும் வந்தது. வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் தவறு கண்டால் தலைக்கு மேலிருந்த கயிற்றை இழுக்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். உடனே சரிசெய்ய முடியாவிட்டால் வரிசை நின்றுவிடும். அறுவைச் சிகிச்சைக்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்த சரிபார்ப்புப் பட்டியல், மயக்க மருந்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி அறையைவிட்டுப் போவதற்கு முன் என மூன்று இடங்களில் எல்லாரையும் நிறுத்துகிறது. புது தில்லி உட்பட 8 நகரங்களில் அதைச் சோதித்தபோது, சிகிச்சைக்குப் பின் இறப்போர் விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. இந்த முடிவு 2009-இல் வெளியானது. அந்த அறைகளில் நேரம் தாராளமாக இருந்ததில்லை. நில் என்று சொல்ல, அங்கே இருப்பவர்களில் இளையவருக்கும் இடம் இருந்தது.

பிரின்ஸ்டன் சோதனையில் அதிகம் பேசப்படாத ஒரு குறிப்பு இருக்கிறது. உதவாமல் கடந்துபோன மாணவர்கள் அடுத்த கட்டடத்துக்குள் நுழைந்தபோது படபடப்போடும் கலக்கத்தோடும் தெரிந்தார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் பலர் கல்நெஞ்சர்கள் இல்லை. பின்னால் ஒருவன் கிடக்கிறான், முன்னால் ஒருவர் காத்திருக்கிறார், இருவரில் யாரிடம் போவது என்று தெரியாமல் வந்து சேர்ந்திருக்கிறார்கள். வழியில் ஏதாவது இருந்தால் பார்த்துவிட்டு மெதுவாக வாருங்கள் என்று அவர்களிடம் யாரும் சொல்லி அனுப்பியிருக்கவில்லை.