கைம்பெண்ணின் நாட்குறிப்பு

அமெரிக்க உள்நாட்டுப் போர் நான்காம் ஆண்டாக நடந்துகொண்டிருந்தபோது, 1864 நவம்பர் 19ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பண்ணைக்குள் தளபதி ஷெர்மனின் வடபுலச் சேனை புகுந்தது. பண்ணைக்கு உரியவர் டாலி லண்ட் பர்ஜ் என்னும் கைம்பெண். இறைச்சி அறை வெறுமையாயிற்று. கோழிகளும் பன்றிகளும் கொல்லப்பட்டன. அம்மையார் இவற்றைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1918இல் அது நூலாக வெளிவந்தது. அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் காலையில் அவருடைய சிறுமகள் பரிசை எதிர்பார்த்துத் தன் காலுறையைப் பார்த்து, ஒன்றும் இல்லாமையால் படுக்கைக்குத் திரும்பி அழுதாள் என்னும் பகுதியைக் கண்கலங்காமல் படிப்பது அரிது.

அன்பர்களே! இவ்வம்மையாருக்காக நாம் இரங்கலாமா? அவர் அடிமைகளின் உடைமையாளர். வடபுலத்து மேயின் மாநிலத்தில் பிறந்து, தென்புலம் வந்து பள்ளியாசிரியராக இருந்தவர். 1858இல் கணவர் இறந்தபின் பண்ணையும் அதன் மனிதர்களும் அவர் கைக்கு வந்தனர். தாம் எவரையும் வாங்கியதுமில்லை, விற்றதுமில்லை என்றும், அடிமைமுறை முற்றும் சரியென்று தமக்குத் தோன்றியதில்லை என்றும், ஆயினும் வேதத்தில் அதற்குத் தடை காணவில்லை என்றும் அவரே எழுதுகிறார். “நானா செய்தேன்? பாட்டன் காலத்து வழக்கம்” என்று கூறும் நல்லவர்களை நம் ஊர்களிலும் கண்டிருக்கிறோம். பகவன் உபாசகர்க்கு விலக்கிய ஐந்து வாணிபங்களுள் உயிர் வாணிபமும் ஒன்று. அம்மையாருடையது வாங்காத கை, விற்காத கை. ஆயினும் விடாத கை.

சிப்பாய்கள் அடிமைகளின் குடிசைகளையும் சூறையாடினர் என்று அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். இளைஞர்களைத் துப்பாக்கி முனையில் ஓட்டிச் சென்றனர் என்கிறார். அவர்கள் அஞ்சிச் சென்றனரா, விடுதலையை எண்ணிச் சென்றனரா, இரண்டுமா? அதைச் சொல்ல அவர்கள் எழுதிய ஏடு அங்கே இல்லை. அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பது குற்றமென்று ஜார்ஜியா 1829இலேயே சட்டம் இயற்றியிருந்தது. ஆசிரியராக இருந்தவருக்கு இது தெரியாதிருக்குமா?

இரங்கலாம் என்பதே என் கருத்து. அழுகின்ற குழந்தையிடம் கணக்குக் கேட்பது அறமன்று. ஆனால் அதே காலையில் அடிமைகளின் குழந்தைகளும் பரிசு கேட்டு வந்தனர். கொடுக்க ஒன்றுமின்றி அம்மையார் அழுதார். அவர் கண்ணீர் நூலில் இருக்கிறது. வெறுங்கையோடு திரும்பிய அக்குழந்தைகளின் முகம் இல்லை.

இது கடல்கடந்த கதை மட்டுமன்று. 1780இல் ஐதர் அலியின் படை கர்நாடகத்துள் புகுந்தது, ஊர்கள் எரிந்தன. 1782 டிசம்பர் 7ஆம் நாள் சித்தூருக்கு அருகே பாசறையில் அவர் இறந்தார். நாளும் இடமும் தவறாமல் சரித்திரத்தில் ஏறியுள்ளன. குதிரைப்படை வருகிறதென்று கேட்ட இரவில் சித்தூர்ச் சேரியொன்றின் கைம்பெண் தன் கேழ்வரகை எங்கே ஒளித்தாள், எந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்தக் குன்றுக்கு ஓடினாள்? அவளுக்கு எழுத்தாணி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் யார்?