வானம் பார்த்த பூமிக்கான விதைகள்



புரட்டாசி பிறந்துவிட்டது. உங்களில் பலர் கொல்லையைக் கொத்திப் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருக்கிறீர்கள். சந்தையில் விதைப் பொட்டலம் விற்பவரைச் சுற்றிக் கூட்டம். பொட்டலத்தின் மேல் வெள்ளை வெளேரென்று காலிஃபிளவர் படம். நம் ராமநாதபுரத்து வெயிலில் அந்தப் படத்தைப் பார்த்தாலே கண் குளிரும்தான். ஆனால், வாங்கி நட்டால்? இலை விடும், ஓங்கி வளரும், பூ மட்டும் திரளாது. அதற்குக் குளிர் வேண்டும். பீன்ஸுக்கோ நம் கிணற்று உப்புத் தண்ணீர் ஆகவே ஆகாது. தக்காளி மழைக்காலத்தில் காய்க்கும். அதையே சித்திரையில் வைத்தால், வெயில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் பூவை உதிர்த்துவிடும். செடியின் மேல் குற்றமில்லை, மண்ணின் மேலும் குற்றமில்லை.

அதே கொல்லையில் கொத்தவரையைப் போட்டுப் பாருங்கள். இரண்டு மழை தவறினாலும் தாக்குப் பிடிக்கும். முருங்கைக்கு நாம் தண்ணீர் ஊற்றியதை யார் கண்டார்? நம் முண்டு மிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். மானாவாரியாக விதைத்து, வடகிழக்குப் பருவமழையை நம்பியே வளர்க்கிறோம். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள் கத்தரிக்கும் அதே சமயத்தில்தான் கிடைத்தது. ஒவ்வொரு சீமைக்கும் அதற்கென்று ஒரு காயைக் கடவுள் வைத்திருக்கிறார்.

எண்ணிக்கை நூல் 11-ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். பாலைநிலத்தில் மன்னாவை உண்டுகொண்டிருந்த மக்கள், எகிப்தில் தின்ற வெள்ளரியையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுகிறார்கள். அடிமைகளாய் அடிபட்ட நாடு அது. நாக்குக்கு மட்டும் அது நினைவில்லை! பிறகு இணைச்சட்டம் 11-ஆம் அதிகாரத்தில் மோசே அவர்களுக்கு நிலைமையை விளக்குகிறார். எகிப்தில் நீங்களே பாடுபட்டுத் தண்ணீர் பாய்ச்சினீர்கள்; போகப்போகும் நாடோ மலையும் பள்ளத்தாக்குமாய், மழையைக் குடித்து வாழும் நாடு; ஆண்டு முழுவதும் ஆண்டவரின் பார்வை அதன்மேல் இருக்கும் என்கிறார். இதைக் கேட்டால் நம் பாட்டிமார், “ஐயா நம்ம ஊரைத்தானே சொல்றாரு” என்பார்கள். வாக்களிக்கப்பட்ட நாடும் வானம் பார்த்த பூமிதான், அன்பானவர்களே.

அப்படியானால் நம் மனம் இன்னும் எந்தத் தோட்டத்தில் நிற்கிறது? ஆண்டவர் நம்மை வைத்திருக்கும் இந்த வீட்டில், இந்த உடம்போடு, இந்த வருமானத்தோடு வாழ்ந்துகொண்டே, ‘அங்கே பிறந்திருந்தால்’ என்று எத்தனை இரவு ஏங்கியிருக்கிறோம்? தச்சு வேலையில் கை தேர்ந்த மகனைப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பையனின் மதிப்பெண்ணைச் சொல்லிக் குத்திக் காட்டியிருக்கிறோமா? அந்தப் பிள்ளையின் முகம் வாடியதை நாம் கவனித்தோமா?

நம் ஆண்டவர் அப்படிக் கேட்பவர் அல்லர். கொடைக்கானலில் விளைவதை ராமநாதபுரத்திடம் அவர் கேட்கமாட்டார். இதை நம் சோம்பலுக்குச் சாக்காக்கிக்கொள்ள வேண்டாம். லூக்கா நற்செய்தியில் வரும் அத்திமரம் அந்த மண்ணுக்கு ஏற்ற மரம்தான். காய்த்திருக்க வேண்டியது, காய்க்கவில்லை. அதற்குக்கூடத் தோட்டக்காரர் பரிந்து பேசுகிறார். இன்னும் ஓராண்டு தவணை கேட்டு, கொத்தி எருப்போட முன்வருகிறார். அந்த இரக்கத்தால்தானே நீங்களும் நானும் இன்று இந்தத் திருப்பலியில் நிற்கிறோம்.

பந்தலில் ஏற்றும் நாட்டு அவரையை உங்களுக்குத் தெரியும். எத்தனை குடம் ஊற்றினாலும், பொழுது குறுகும் காலம் வரும்வரை கொடிதான் ஓடும், பூ வராது. மார்கழிப் பனியில் பாருங்கள், கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். கணவர் குடியை விட வேண்டுமென்று செபமாலையும் கையுமாய் இருக்கும் தாய்மார்களே, நீங்கள் ஊற்றியது வீண்போகவில்லை. கொடி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நம் ஓரியூர்ப் புனிதர் அருளானந்தரும் லிஸ்பனில் பிறந்தவர். அந்த ஊரை இங்கே நடப் பார்க்கவில்லை அவர். காவி உடுத்தி, புலால் விட்டு, தமிழில் பேசி, 1693-ல் இந்த மண்ணிலேயே மறைசாட்சியாய் உயிர் கொடுத்தார். வெளியூரில் பிறந்தவர் இந்த மண்ணுக்கு இப்படிப் பழகினார் என்றால், இங்கேயே முளைத்த நமக்கு என்ன தயக்கம்?

ஒரு வேண்டுகோள். பழுத்த கத்தரியைப் பிழிந்து, விதையைக் கழுவி, சாம்பலில் புரட்டி நிழலில் காயவைக்கும் பாட்டிமார் இன்னும் நம் பங்கில் இருக்கிறார்கள். கடையில் வாங்கும் வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுத்துப் போட்டால் தாய்ச்செடி போல வராது. இவர்கள் வைத்திருக்கும் நாட்டு விதை வரும். அடுத்த ஞாயிறு காணிக்கைப் பவனியில் அந்த விதைகளைக் கொண்டுவாருங்கள். எந்தப் பட்டத்தில் போட வேண்டும், எவ்வளவு தண்ணீர் கேட்கும் என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பீடச்சிறுவர்கள் எழுதித் தருவார்கள். மந்திரித்த பிறகு, நிலமில்லாத வீடுகளுக்கு முதலில் கொடுப்போம். தொட்டியில்கூடக் கத்தரி காய்க்கும்.