மாதிரி வாகனம் பொய் சொல்லுமா?

முன்பு வீட்டு முற்றத்தில் நின்ற காரையோ லொறியையோ அளவு பிசகாமல் சிறிதாக்கி, அட்டையிலும் தகட்டிலும் பிளாஸ்ரிக்கிலும் செய்து வைப்போர் சிலரை நாம் அறிவோம். அவர்களைப் பற்றி இரண்டு குறைகள் சொல்லப்படுகின்றன. வளர்ந்த மனிதர் விளையாட்டுச் சாமானோடு காலங் கழிக்கின்றார் என்பது ஒன்று. மற்றது அதனிலும் கூர்மையானது: இல்லாமற் போன சொத்தைப் பொம்மையாகச் செய்து பார்த்துக்கொண்டிருப்பது பழம்பெருமையைப் பூசிப்பதாகாதா என்பது. முதலாவது குறைக்குப் பதில் சொல்ல அதிக நேரம் வேண்டாம். கைக்கு வேலையும் மனத்துக்குப் பொறுமையும் தருகின்ற ஒன்று வீண் அன்று. சாராயத்திற்கும் சீட்டாட்டத்திற்கும் போகின்ற மாலைப் பொழுதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். இரண்டாவது குறையே எம்மை நின்று யோசிக்க வைக்கின்றது.

யாழ்ப்பாணத்தில் வீட்டுக் கார் என்றதும் நினைவுக்கு வருபவை மொறிஸ் மைனரும் ஒஸ்ரினுமே. மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. 1971 வரை செய்யப்பட்டது. பதினாறு இலட்சத்துக்கு மேல் வெளிவந்தது. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாகப் புதிய கார்களின் இறக்குமதி இந்நாட்டில் கட்டுப்படுத்தப்பட்டது. அதனால் உள்ளதைப் பேணி ஓட்டுவதே வழக்கமாயிற்று. தகப்பன் வாங்கிய காரை மகன் ஓட்டினான். பேரன் அதில் மாப்பிள்ளையாய்க் கோவிலுக்குப் போனான். இப்படி ஒரு பொருள் மூன்று தலைமுறைக்கு வீட்டோடு இருந்தால் அதைப் பொருள் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

அந்தக் காரில் ஒரு விசித்திரம் உண்டு. அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரி தயாரான பின்னர் அது ஒடுக்கமாயிருக்கிறதென்று கண்டு, நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்தாராம். அந்த அகலமே நிலைத்தது. எஞ்சின் மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம். ஏற்கெனவே செய்து குவித்திருந்த பம்பர்களையும் நடுவில் வெட்டி, துண்டு வைத்துப் பொருத்தியே முதலிற் பாவித்தார்கள். எத்தனையோ வருடம் அக்காரைத் துடைத்தவர்கள் அந்தப் பட்டியைக் கண்டிருப்பார்கள். ஏன் இருக்கிறதென்று கேட்டிருக்க மாட்டார்கள். மாதிரி செய்ய இறங்கியவன் கேட்டே ஆகவேண்டும். செய்யத் தொடங்கும்போதுதான் நாம் பார்த்தவற்றில் எத்தனையைப் பார்க்கவில்லை என்பது தெரிகின்றது.

இனி அளவுக்கு வருவோம். இருபத்துநான்கில் ஒரு பங்கு என்ற அளவு இக்கைவேலையில் பெரிதும் வழங்குவது. மொறிஸ் மைனரின் நீளம் ஏறத்தாழ 3,760 மில்லிமீற்றர். ஆகவே மாதிரி 157 மில்லிமீற்றர், அதாவது ஒரு சாணுக்கும் குறைவு. நீளம் இருபத்துநான்கில் ஒன்றாகக் குறையும்போது எடை எவ்வளவு குறையும்? நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் 13,824இல் ஒன்றாகும். முக்கால் தொன் எடையுள்ள கார் ஐம்பத்துநான்கு கிராம் அளவுக்கு வந்துவிடும். ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள தகடோ கடதாசியிலும் மெல்லியதாகிவிடும். அதைக் கொண்டு கதவு செய்ய முடியாது. ஆகவே செய்பவன் தகட்டைத் தடிப்பாக வைத்து, ஓரத்தை மட்டும் சீவி, மெல்லியதுபோலக் காட்டுகின்றான். வர்ணத்திலும் இதே கதைதான். உண்மைக் காருக்குப் பூசிய அதே ரின்னிலிருந்து எடுத்து மாதிரிக்குப் பூசினால் கறுத்துத் தெரியும். சற்று வெள்ளை கலந்தால்தான் கண் ‘இது நம்முடைய கார்’ என்று ஒப்புக்கொள்ளும். சரியான வர்ணம் பொய்யாகவும், மாற்றிய வர்ணம் மெய்யாகவும் தோன்றுகின்ற இந்த இடத்தில் ஒரு பழைய தத்துவ வழக்கே அடங்கியிருக்கின்றது.

பிளேட்டோ தமது ‘குடியரசு’ நூலின் பத்தாம் பகுதியில் கட்டிலை உதாரணமாக எடுத்துக்கொண்டு வழக்காடுகின்றார். கட்டில் என்ற கருத்து ஒன்று. தச்சன் செய்த கட்டில் அதன் சாயல். ஓவியன் தீட்டிய கட்டில் சாயலின் சாயல். ஆதலால் ஓவியன் உண்மைக்கு மூன்றாம் படியில் நிற்கின்றான் என்பது அவர் தீர்ப்பு. அவருடைய மாணவரான அரிஸ்டோட்டில் இதை ஏற்கவில்லை. மனிதன் சிறு வயது முதலே போலச்செய்து பழகுகிறவன், போலச்செய்தே முதலிற் கற்கின்றான், ஒன்றைப் பார்த்து ‘இது அதுவல்லவா’ என்று இனங்காணும்போது மகிழ்கின்றான் என்று கவிதையியலில் எழுதினார். நேரிற் பார்க்கக் கூசும் பொருள்களின் உருவத்தையும் நாம் விரும்பிப் பார்ப்பது இதனாலென்று அவர் கண்டார். எமது எண்ணம் அரிஸ்டோட்டில் பக்கமே சாய்கின்றது. ஆனால் பிளேட்டோவின் எச்சரிக்கையை முழுதாகத் தள்ளிவிட முடியாது. வர்ணத்தில் வெள்ளை கலக்கலாம். நினைவில் வெள்ளை பூசலாமா?

ஆம், கேள்வி இங்கேதான் கூர்மையடைகின்றது. எந்த நாளின் காரைச் செய்வது? வாங்கிய அன்று பளபளத்ததையா, கடைசியாகக் கண்டதையா?

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதி முதல் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் வராமற் போயிற்று. அக்காலத்துச் சிறுவர்களில் யாமும் ஒருவர். அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின்கள் மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொண்டன. ஒரு சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். வெண்புகையும் அந்த நெடியும் இன்றும் எமது மூக்கில் இருக்கின்றன. கல்யாணக் கார், பிரேதத்தின் பின்னே போன கார், நோயாளியை ஏற்றிய கார் யாவும் அப்படியே ஓடின. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, சில கார்கள் அந்தக் கூட்டத்துக்குள் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தன. பல, சாவி மட்டும் கையிலிருக்க, வீட்டோடு நின்றுவிட்டன. திரும்பி வந்தவர்களுட் சிலர் கண்டது சில்லும் கதவும் இல்லாத கூட்டை. அந்தக் கூட்டை மாதிரியாகச் செய்யும் துணிவு எல்லோருக்கும் வராது. வரவேண்டுமென்றும் நாம் சொல்லவில்லை. மரித்த தாயின் படத்தைச் சுவரில் மாட்டும்போது அவளுடைய நோய்க்காலப் படத்தையா மாட்டுகின்றோம்? நல்ல நாளின் முகத்தைத் தெரிவது பொய்யாகாது. ஆனால் நோய் இருந்ததேயில்லை என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் அது பொய். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் அதிகமில்லை; அந்தத் தூரத்தைக் காப்பதே செய்பவனின் கடமை.

இலக்கத் தகட்டை எடுத்துக்கொள்வோம். மாதிரியில் அது ஒரு விரல் நகத்தளவும் இராது. 1957 சனவரி முதல் புதிதாகப் பதிவாகும் வாகனங்களில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தே இடப்படவேண்டுமென்று விதிக்கப்பட்டது. தமிழ்ப் பகுதிகளில் பலர் அதனை அழித்துத் தமிழில் எழுதினர். 1958இல் சிங்கள ஸ்ரீ பொறித்த பஸ்கள் வடக்கே அனுப்பப்பட்டபோது கிளர்ச்சி மறுபடி மூண்டது. தெற்கே தமிழ் எழுத்துக்களுக்குத் தார் பூசப்பட்டது. அந்த மே மாதத்தில் நடந்தவற்றை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. இப்போது, 1957இற்குப் பிந்திய குடும்பக் கார் ஒன்றின் மாதிரியைச் செய்பவர் அந்த நகத்தளவு தகட்டில் என்ன எழுத்தை இடுவார்? பதிவுப் புத்தகத்தில் இருந்ததையா, தகப்பனார் தூரிகையால் மாற்றி எழுதியதையா, அவர் பயந்து மீண்டும் பழையபடி மாற்றியிருந்தால் அதையா? எழுத்தே இல்லாமல் இலக்கத்தை மட்டும் இடுவோரும் உண்டு. அதை நாம் அவ்வளவாக மெச்சவில்லை. என்ன நடந்ததென்று வீட்டுப் பெரியவர்களை முதலிற் கேட்பதே முறை. கேட்டால் ஒரு காருக்குள்ளிருந்து ஒரு நாட்டின் கதை வெளிவரும்.

இதனினும் கடினமான ஒன்று இருக்கின்றது. அந்தக் காருக்குள் யார் இருந்தார்கள்? யார் இருக்கவில்லை?

மாதிரிகள் பெரும்பாலும் ஆளில்லாமலே நிற்கின்றன. உண்மைக் கார் ஆளில்லாமல் ஓடியதில்லை. பல வீடுகளில் காரை ஓட்டியவர் வீட்டுக்காரர் அல்லர். சம்பளத்துக்கு நின்ற சாரதி. அதிகாலையில் வந்து கழுவியவர், றேடியேற்றருக்குத் தண்ணீர் விட்டவர், நடுச்சாமத்தில் எழுப்பியபோது மறுக்காமல் வந்தவர் அவரே. அவருக்குச் சாப்பாடு எங்கே, எந்தக் கோப்பையில் கொடுக்கப்பட்டது என்பது அக்காலத்து வீடுகளுக்குத் தெரியும். அதே ஒழுங்கையில் வாழ்ந்தும் அந்தக் காரின் இருக்கையில் ஒரு நாளும் இருக்க அனுமதிக்கப்படாத மக்களும் இருந்தனர். லொறியானால் பின்தட்டில், வெங்காய மூடைக்கும் புகையிலைச் சிப்பத்துக்கும் மேலே, அவர்களுக்கு இடம் கிடைத்தது. குடும்ப வாகனம் என்ற சொல்லை நாம் உச்சரிக்கும்போது அந்தக் குடும்பத்தின் எல்லை எங்கே முடிந்தது என்பதையும் நினைப்பது நல்லது. இது பழையதைக் கிளறுவதாகச் சிலருக்குத் தோன்றலாம். ஒரு திருகாணி தவறக்கூடாதென்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பவர், ஒரு மனிதர் தவறுவதைக் கவனிக்காமல் இருக்கலாமா?

மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் நாமும் ஒருபக்கத்தையே எழுதியவராவோம். ஒழுங்கைக்கு ஒரு கார் இருந்த காலத்தில் அந்தக் கார் அந்த ஒழுங்கைக்குப் பொதுவாயிற்று. பிரசவ நோ கண்ட பெண்ணுக்கு, பாம்பு தீண்டியவனுக்கு, மதவடியில் விழுந்த முதியவருக்குக் கதவு திறந்த வீடுகள் இருந்தன. சாதி பாராமல் திறந்தவையும் அவற்றுள் சில. ஆவணி மடுத் திருவிழாவுக்கு லொறியின் பின்தட்டில் வைக்கோல் பரப்பி, பாய் விரித்து, அரிசியும் சட்டி பானையும் ஏற்றி, அயலட்டை முழுவதையும் கூட்டிப்போன குடும்பங்களைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் சொல்லுகின்றார்கள். காட்டுக்குள் கூடாரமடித்துத் தங்கிய அந்த நாள்களில் லொறியே சிலருக்குக் கூரையாயிற்று. அத்தகைய லொறியொன்றைச் செய்பவர் வைக்கோலை மறந்துவிடக் கூடாது.

இனிப் பழம்பெருமை என்ற குறைக்கு வருவோம். சொத்தை நினைப்பதும் அது செய்த உபகாரத்தை நினைப்பதும் ஒன்றல்ல. ‘எங்களிடம் கார் இருந்தது’ என்று சொல்வதற்காகச் செய்யப்பட்ட மாதிரி பெருமையின் பிள்ளை. ‘அந்தக் காரில் இன்னாரை ஏற்றிப் போனோம், இன்னார் ஓட்டினார், இன்ன இடத்தில் விட்டுவிட்டு நடந்தோம்’ என்று சொல்ல வைப்பது நன்றியின் பிள்ளை. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். செய்தவரின் வாயைத் திறக்கச் செய்தால் வேறுபாடு தெரிந்துவிடும். எல்லாம் இழந்தவனைப் பார்த்து ‘பொருளை நினையாதே’ என்று உபதேசிப்பது எளிது. அப்படி உபதேசிப்பவர் வீட்டு முற்றத்தில் பெரும்பாலும் ஒரு வாகனம் நிற்கும்.

பெட்டியில் வரும் அயல்நாட்டுத் தொகுதிகளை வாங்கி ஒட்டுவதைக் குறைசொல்ல மாட்டோம். பழகுவதற்கு அவை நல்லவை. ஆனால் உள்ளூர்த் தச்சன் மரத்தாற் கூடு கட்டிய பெட்போட் லொறி எந்தப் பெட்டியிலும் வராது. அதற்கு அட்டை, ஐஸ்கிறீம் குச்சி, பால்மா ரின் தகடு இவைதாம் துணை. எமது பிள்ளைகளுக்கு இது புதிதுமல்ல. இரண்டு நுங்குக் கோம்பையை ஒரு தடியிற் கோத்து, கவைத் தடியாலே தள்ளிக்கொண்டு ஓடியவர்கள் இங்கேயுள்ள தகப்பன்மார். மீன்ரின்னுக்குப் பழைய செருப்பிலிருந்து வட்டமாக வெட்டிய சில்லுப் பூட்டி, அகதி முகாம் மணலில் இழுத்துச் சென்ற பிள்ளைகள் இன்று பெரியவர்களாகிவிட்டார்கள். அந்த ரின் லொறிக்கு அளவும் இல்லை, வர்ணமும் இல்லை. ஆனாலும் அது லொறி என்பதில் எந்தப் பிள்ளைக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

செய்து முடித்ததைக் கண்ணாடி அலுமாரியிற் பூட்டுவதா, பிள்ளைகளிடம் கொடுப்பதா என்ற கேள்வி ஒன்று மிஞ்சுகின்றது. இங்கிலாந்தில் ஜாக் ஓடெல் என்ற பொறியியலாளரின் மகள் படித்த பள்ளிக்கூடத்தில், தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளை மட்டுமே கொண்டுவரலாமென்று ஒரு விதி இருந்தது. தகப்பன் அவளுக்காகப் பித்தளையில் ஒரு சிறு றோட்டு உருளை இயந்திரத்தைச் செய்து கொடுத்தார். உலகமெங்கும் பரவிய ‘மச்பொக்ஸ்’ வாகனங்கள் 1953 அளவில் அதிலிருந்தே பிறந்தன. அந்த முதல் உருளை பூட்டிவைக்கச் செய்யப்பட்டதன்று. பிள்ளையின் கைக்கென்று செய்யப்பட்டது. எனவே இரண்டு செய்யுங்கள் என்பதே எமது யோசனை. அளவுப்படி செய்தது அலுமாரியில் இருக்கட்டும். மற்றதை, சற்றுத் தடித்த தகட்டில், சில்லு இறுக்கமாகப் பூட்டி, பேரப்பிள்ளையிடம் கொடுத்து முற்றத்து மணலில் ஓட விடுங்கள். கதவு கழன்றால், எந்தக் கதவு என்று கேட்டபடி அவனே உங்களிடம் கொண்டுவருவான்.