எண் யாருக்குச் சொந்தம்?

தேசிய அடையாள அட்டையின் எண்ணைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்துவிடுவது அறியாமை என்றும், அதனால் விளையும் தீங்குக்குக் கொடுத்தவரே பொறுப்பு என்றும் படித்தோரிடையே ஒரு பேச்சு உண்டு. இதில் முதற்பாதி ஓரளவு உண்மை. மறுபாதியை நாம் ஏற்பதற்கில்லை.

கண்டி நகரின் நிழற்பிரதிக் கடைகளில் ஒரு முற்பகல் நின்று பார்ப்போம். ஹந்தானையிலிருந்தும் கலஹாவிலிருந்தும் வந்த தொழிலாளப் பெண்கள் தம் அட்டைகளை நீட்டி நிற்கின்றனர். சிறுகடனுக்கு ஒரு பிரதி. தொலைபேசி இணைப்புக்கு ஒன்று. நகை அடகுக்கு ஒன்று. பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்க மற்றொன்று. அத்தாள்கள் பின்னர் எங்கே போகின்றன என்பதை யாரும் சொல்வதில்லை. கடலை சுற்றிய தாளில் பிறர் விண்ணப்பம் நம் கண்ணிற் படுவது இந்நாட்டில் புதுமையன்று!

அந்த எண் ஊமையுமன்று. 1968 ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் வழி 1972 முதல் வழங்கப்பட்ட பழைய எண்ணை எடுத்துக்கொள்வோம். 85615 எனத் தொடங்கினால், அதற்குரியவர் 1985 இல் பிறந்தவர், பெண், பிறந்த நாள் ஏப்ரல் 24. பெண்களுக்கு நாட்கணக்கோடு 500 கூட்டப்படும் என்பதே சூத்திரம். ஈற்றில் நிற்கும் ‘வி’ எனும் எழுத்து, பொதுவாக வாக்குரிமை உடையவர் என்பதைக் குறித்தது. 2016 முதல் எண் 12 இலக்கமாயிற்று, எழுத்து மறைந்தது, பிறந்த ஆண்டு முழுமையாகவே வெளிப்பட்டது.

‘கேட்டால் கொடாதே’ என்று அறிவுரை கூறுவது எளிது. ஆனால் மலையகத்தார்க்கு இவ்வெண் எவ்வாறு வந்தது? 1948 இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964 இன் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் மனிதரைத் தலைக்கணக்கிற் பங்கிட்டது. எஞ்சியோரிற் பலர்க்கு 2003 இன் சட்டம்வரை வழி பிறக்கவில்லை. எண்ணற்றவராய் நின்ற மக்கள் ஓர் எண்ணைப் பெற்றபோது, அதனை நெஞ்சு நிமிர்த்திக் காட்டுவது இயல்பன்றோ? மறுக்கும் துணிவு மாற்றுவழி உடையவனுக்கே வாய்க்கும். கடன் வேண்டி நிற்பவள் எந்த மேசையின் முன் மறுப்பாள்?

2018 ஜூலையில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர் ஆர். எஸ். சர்மா தம் ஆதார் எண்ணைப் பகிரங்கமாக வெளியிட்டு, முடிந்தால் தீங்கு செய்து காட்டுங்கள் எனச் சவால் விடுத்தார். அவரது தொலைபேசி எண், முகவரி, பிறந்த தேதி என்றெல்லாம் பலர் வெளியிட்டனர். தமக்குத் தீங்கு நேரவில்லை என்றார் அவர். உயர் பதவியிலிருப்பவர் பெயரில் பொய்க்கடன் எழுந்தால் நூறு பேர் ஓடிவருவர். தோட்டத்து லயத்தில் வாழ்பவளுக்கு அப்படி எழுந்தால், அது தன் கடனன்று என மெய்ப்பிக்கும் சுமை அவள் தலையிலேயே விழும். அவ்வாண்டு செப்டம்பர் 26 இல் இந்திய உச்ச நீதிமன்றம், தனியார் நிறுவனங்கள் ஆதாரை வற்புறுத்துவதற்கு இடமளித்த விதியை நீக்கிற்று. கேட்போரின் கையைக் கட்டிய தீர்ப்பு அது.

தவறின் வேர் இங்கேதான் உள்ளது. வங்கி அட்டையின் இரகசிய எண் ஒரு திறவுகோல். அதைப் பிறர்க்குச் சொல்லலாகாது. அடையாள எண்ணோ ஒரு பெயர். நூறு படிவங்களில் எழுதப்படுவது. நூறு பேர் அறிந்தது இரகசியமாவது எங்ஙனம்? அப்பெயரைச் சொன்னவனை ஆளென்றே நம்பிக் கடனும் இணைப்பும் கொடுக்கும் நிறுவனமன்றோ பெயரைத் திறவுகோலாக்கிற்று!

பட்டியல்கள் பகைவர் கையிற் சேரும்போது நேர்வதை வரலாறு அறியும். 1943 மார்ச் 27 இல் ஆம்ஸ்டர்டாம் நகரின் ஆட்பதிவேட்டு நிலையத்துக்கு எதிர்ப்பியக்கத்தார் தீ வைத்தது, யூதர்களைத் தேட அவ்வேடு பயன்பட்டமையாலேயே. 1983 ஜூலையில் கொழும்பில் வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் பட்டியலோடு தமிழர் வீடுகளைத் தேடியதை நாமும் மறந்தோமில்லை.

2022 இல் நம் பாராளுமன்றம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்த அதன் முக்கிய பகுதிகளோ பிற்போடப்பட்டன. அதுவரையில் கேட்பவர் அட்டையைப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பதற்குத் தடையென்ன? பிரதி தேவையே எனில், ‘இன்ன கடனுக்கு மட்டும்’ என்று நாளிட்டு அதன் குறுக்கே எழுதிக் கொடுப்போர் நகரில் சிலர் உளர். கலஹாவிலிருந்து வருபவளும் அவ்வாறு எழுதலாம்; அதற்குத் தமிழே போதும்.